இஸ்தான்புல்லில் நான்கு நாள், பூனைகளுக்காக மட்டும்

பதினாறு வருடம் என்னோடு இருந்த கறுப்பி போன வருடம் செத்துப்போனாள். உடனே இன்னொரு பூனையை வீட்டுக்குக் கொண்டுவர மனசு வரவில்லை. ஆனால் தெருவில் எந்தப் பூனையைப் பார்த்தாலும் கால் நின்றுவிடுகிறது. அப்படித்தான் நவம்பரில் நான்கு நாள் துருக்கியின் இஸ்தான்புல் போய்வந்தேன். மசூதி, அரண்மனை, கடைத்தெரு பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது பூனை பார்க்கப் போகிறவர்களுக்கு.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு இடம் பூனைகளுக்கு நல்ல இடமா என்று பார்க்க நான் ஒன்றே ஒன்றைத்தான் கவனிப்பேன். என்னைப் பிடிக்காவிட்டால் அந்தப் பூனை எழுந்து போக முடியுமா? முடியும் என்றால், அது மடியில் வந்து உட்காரும்போது அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

எல்லோரையும் போல நானும் பழைய நகரப் பகுதியான சுல்தானமெத்தில்தான் ஆரம்பித்தேன். அங்கே, ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்து இப்போது மசூதியாக இருக்கும் ஹாகியா சோபியாவில், க்ளி என்று ஒரு பூனை இருந்தது. பச்சைக் கண், லேசான மாறுகண். 2009இல் ஒபாமா வந்தபோது தடவிக்கொடுத்தது அதைத்தான். 2020 நவம்பரில் இறந்துபோய், அந்த வளாகத்துத் தோட்டத்திலேயே புதைக்கப்பட்டது. இப்போது வெளிநாட்டுப் பயணிகளை மேல்மாடத்துக்கு மட்டும்தான் விடுகிறார்கள், கட்டணம் 25 யூரோ. கட்டடத்துக்காக என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பூனைக்காக என்றால் வேண்டாம், பக்கத்திலேயே இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

அங்கே முற்றத்தில் உடைந்த தூண்களும் கல் சவப்பெட்டிகளும் வெயிலில் கிடக்கின்றன. ஒரு தூண் தலைப்பின் நடுவில் மழை தேங்கித் தேங்கி ஒரு குழி. அந்தக் குழிக்குள் சரியாக அடங்கிப் படுத்திருந்தது ஒரு சாம்பல் வரிப் பூனை. வால் மட்டும் வெளியே தொங்கியது. பக்கத்தில் போய் நின்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது, மூடிக்கொண்டது. இருபது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அதுவாகவே எழுந்து, முதுகை வில்லாக வளைத்து நெட்டி முறித்து, என் முழங்காலில் ஒரு முட்டு முட்டிவிட்டுப் போனது. அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

இஸ்தான்புல் நடுவில் கடல் ஓடும் ஊர், ஒரு கரை ஐரோப்பா, மறுகரை ஆசியா. இரண்டாம் நாள் கப்பல் ஏறி ஆசியக் கரைக்கு, காடிக்கோய்க்குப் போனேன். படகில் இருபது, இருபத்தைந்து நிமிடம். என்னைக் கேட்டால் பூனைக்காக வருகிறவர்கள் தங்கவேண்டியதே இந்தக் கரையில்தான். மோடா பக்கத் தெருக்களில் வாசலுக்கு வாசல் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. ஒரு டீக்கடையில் காலி நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதிலும் வெள்ளையும் செம்பட்டையுமாக ஒரு கடுவன் தூங்கிக்கொண்டிருந்தான். கடைக்காரப் பையன் அவனை எழுப்பவே இல்லை. உள்ளே போய் எனக்கு ஒரு முக்காலி எடுத்துவந்து போட்டான். நானும் அதில் உட்கார்ந்து டீ குடித்தேன். அந்த ஊரை எனக்கு ஏன் பிடித்துப்போயிற்று என்று கேட்டால் இந்த முக்காலியைத்தான் சொல்வேன்.

அங்கிருந்து ஜிவெர்பெய் பகுதிக்கு நடந்தே போகலாம். தொம்பிலியின் சிலை அங்கேதான் இருக்கிறது. தொம்பிலி ஒரு குண்டுத் தெருப்பூனை. படிக்கட்டில் ஒரு முழங்கையை ஊன்றிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அதன் படம் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. 2016இல் அது இறந்ததும் சிலை வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள். அந்த வருடம் அக்டோபர் 4, உலக விலங்குகள் தினத்தன்று, அது உட்காரும் இடத்திலேயே அதே சாய்வில் வெண்கலச் சிலை வைத்தார்கள். அடுத்த மாதமே யாரோ திருடிப்போக, ஊரே கொதித்து, சில நாளில் திரும்ப வந்துவிட்டது. சிலை சின்னதுதான், தேடித்தான் பார்க்கவேண்டும். நான் போனபோது அதன் முன்னால் யாரோ ஒரு கை தீனி வைத்திருந்தார்கள். வெண்கலத்தின் தலை பளபளவென்று இருந்தது, தடவித் தடவி. நானும் தடவினேன். கறுப்பியும் இப்படித்தான் சாய்வாள், சோபாக் கையில்.

ஐரோப்பியக் கரையில் இரண்டு இடம். மச்கா பக்கத்துப் பூங்காக்களில் மரத்தடியில் வரிசையாகப் பூனை வீடுகள் வைத்திருக்கிறார்கள். காலையில் போங்கள், தீனி வைக்கிறவர்கள் வரும் நேரம். தள்ளுவண்டிப் பையோடு வந்த ஒரு அம்மா ‘பிசி பிசி’ என்று குரல் கொடுத்ததும் புதருக்குள்ளிருந்தெல்லாம் வால்கள் நிமிர்ந்துகொண்டு வந்தன. எண்ணிப் பார்த்தேன், இருபத்துமூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை செய்த பூனை என்று அர்த்தம். ஜிஹாங்கிர் இரண்டாவது இடம். ஏற்றமும் படிக்கட்டுமாக இருக்கும், மூட்டுவலிக்காரர்கள் மேலிருந்து கீழே இறங்குகிற மாதிரி வழி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் கார் பானட் மேல் சூட்டுக்குப் படுத்திருக்கும் பூனைகளைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

காசு கொடுத்துப் பூனைகளோடு உட்கார்ந்து காபி குடிக்கும் பூனை கஃபே ஒன்றுக்கும் போனேன், பெயர் வேண்டாம். அதைப் பற்றிக் கோபமாகத்தான் எழுதவேண்டியிருக்கிறது. ஒரே அறை, ஏறி ஒளிந்துகொள்ள உயரமான பலகை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மூவண்ணப் பெண்பூனை மேசைக்கடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காது இரண்டும் பக்கவாட்டில் தணிந்திருந்தன, முதுகுத் தோல் அடிக்கடி துடித்தது. இரண்டு பிள்ளைகள் அதை இழுத்து இழுத்து மடியில் வைத்தார்கள், கடைக்காரர் படம் எடுத்துக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். எந்த ஊரில் பூனை கஃபேக்குப் போனாலும் முதலில் மேலே பாருங்கள், கைக்கெட்டாத உயரத்தில் பூனைக்கு இடம் இருக்கிறதா என்று. அப்புறம், பூனையைத் தூக்கக்கூடாது என்று யாராவது சொல்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள். வெளியே தெரு முழுக்கப் பூனை இருக்கும் ஊரில் இப்படி ஒரு அறை எதற்கு என்று இன்னும் ஆறவில்லை எனக்கு.

இத்தனைக்கும் அந்த நாட்டின் சட்டம் பூனை பக்கம்தான். விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2004இலேயே வந்தது. 2021இல் அதைத் திருத்தி, விலங்கைப் பொருளாகப் பார்ப்பதை விட்டு உயிராகப் பார்க்கும்படி மாற்றினார்கள். கடையில் நாய், பூனை வைத்து விற்பதற்கும் தடை வந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். தீனி இங்கிருந்து சுமந்துபோக வேண்டாம்; அங்கே ‘கெதி மாமஸு’ என்று கேட்டால் தருவார்கள். கெதி என்றால் பூனை. பால் ஊற்றாதீர்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றைக் கெடுக்கும். சாப்பிடும் பூனையைத் தடவாதீர்கள். கை நீட்டும் முன்னால் விரலை முகரக் கொடுங்கள். நகம் பட்டாலோ கடித்தாலோ சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக்கூடாது. துருக்கியில் வெறிநோய் இருக்கிறது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி கேளுங்கள். கறுப்புக் கோட்டு போட்டுப் போகாதீர்கள், என் கோட்டில் ஒட்டிய வெள்ளை முடி இன்னும் முழுதாகப் போகவில்லை.

நவம்பரில் ஒரு லாபம் உண்டு. குளிருக்குப் பூனைகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் நான் போனபோது குட்டிகள் அதிகம் கண்ணில் படவில்லை, அவை பெரும்பாலும் பிறப்பது வசந்தத்தில். அடுத்த தடவை மே மாதம் போவதாக இருக்கிறேன், காடிக்கோயிலேயே தங்கி.