ரெஃப்ரி ஃபிட்னஸ் டெஸ்ட்டுக்காக நாலு வருஷம் ஓடிய அனுபவம்: டேப், விசில், வாட்ச், ஷூ

வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். பகலில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனி ஸ்டோரில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கால்பந்து ரெஃப்ரி. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் கறுப்புச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

2021இல் ஒரு இறுதிப் போட்டி. கடைசிப் பத்து நிமிஷம். எதிர்த்தாக்குதல் ஒன்று ஒரு கோல் பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பறந்தது. பின்னால் ஓடினேன், எட்டவில்லை. பெனால்டி பெட்டிக்குள் பந்து ஒரு பையனின் கையில் பட்டதா, தொடையில் பட்டதா? 40 மீட்டர் தள்ளி நின்றுகொண்டு பெனால்டி கொடுத்தேன். அன்று ராத்திரி ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். பந்து பட்டது தொடையில்தான். தோற்ற அணியின் கேப்டன் என்னைத் திட்டவில்லை. "பக்கத்துல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்" என்று மட்டும் சொன்னான். அந்த ஆகஸ்டில்தான் முறையாக ஓட ஆரம்பித்தேன். அப்போது எனக்கு வயது 38.

எதற்காக ஓடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெஃப்ரிகளுக்கு ஃபிஃபா வகுத்த டெஸ்ட் இரண்டு பகுதி. முதலாவது, 40 மீட்டர் ஸ்பிரின்ட் ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிஷம். சர்வதேச ஆண் ரெஃப்ரிக்கு ஒரு ஓட்டத்துக்கு 6.0 நொடி. கீழ்நிலையில் இருக்கிற எங்களுக்கு 6.2. ஆறில் ஒன்று தவறினால் ஏழாவது வாய்ப்பு உண்டு, இரண்டு தவறினால் அதோடு முடிந்தது. ஆறேழு நிமிஷம் கழித்து இரண்டாவது பகுதி, இதை இன்டர்வெல் என்போம்: 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை, இப்படி நாற்பது தடவை. 400 மீட்டர் டிராக்கில் பத்துச் சுற்று, மொத்தம் 4 கிலோமீட்டர். ஓட்டத்துக்கு 15 நொடி. நடைக்குச் சர்வதேச ரெஃப்ரிக்கு 18 நொடி, எங்களுக்கு 22. விசில் ஊதும்போது ஒரு காலாவது நடைப்பகுதிக்குள் இருக்க வேண்டும். முதல் தடவை தவறினால் எச்சரிக்கை, இரண்டாம் தடவை வெளியே. ஒரு காலத்தில் கூப்பர் டெஸ்ட் இருந்தது, 12 நிமிஷம் விடாமல் ஓடுவது. பழைய ரெஃப்ரிகள் இன்றும் அதைத்தான் பேசுவார்கள். மேட்சில் யாரும் 12 நிமிஷம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஓடுகிறோம், நடக்கிறோம், பின்னோக்கி நகர்கிறோம், திடீரென்று பறக்கிறோம். அந்த வகையில் புது டெஸ்ட் நியாயமானது என்பது என் கருத்து.

இது தெரியாமல் முதல் மூன்று மாதம் கோட்டை அகழி ஓரத்தில் தினமும் 5 கிலோமீட்டர் மெதுவாக ஓடினேன். மூச்சு நன்றாகத் தேறியது. டெஸ்ட்டுக்கு அது அடித்தளமாக உதவியது, அவ்வளவுதான். பிறகு பாலாற்று மணலில் ஓடினால் கால் வலுவாகும் என்று ஒருவர் சொல்ல, விடியலில் ஆற்றில் இறங்கினேன். வேலிகாத்தான் முள்ளுக்குப் பயந்து பழைய ஷூ. மூன்றாவது வாரமே இடது கெண்டைக்காலில் சுளீர் என்று ஒரு இழுப்பு. மணலில் குதிகால் உள்ளே புதைந்துபோவதால் ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் தசை கூடுதலாக நீண்டு இழுபடுகிறது. பழக்கமில்லாத காலுக்கு வாரம் ஒரு முறை பத்து நிமிஷமே அதிகம். நான் நாலு நாள் அரை மணி நேரம் ஓடியிருந்தேன். அந்த நவம்பரில் பாலாற்றில் யாரும் எதிர்பார்க்காத வெள்ளம் வந்து இரு கரையும் தொட்டு ஓடியபோது, பாலத்தின் மேல் நொண்டிக்கொண்டு நின்று பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். கால் சரியாக ஆறு வாரம் ஆனது. வீட்டு மாடிப்படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, 15 வீதம் மூன்று தடவை. இன்றுவரை அதை விடவில்லை. பின்தொடைக்கு, முட்டி போட்டு உட்கார்ந்து ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கிற நோர்டிக் பயிற்சி. என் பையன்தான் பிடிப்பான். வாரம் இரண்டு நாள் போதும். அதைத் தொடங்கியபின் பின்தொடை பிடித்துக்கொண்டதே இல்லை.

இனி வாங்கிய பொருள்கள்.

அளவு டேப்தான் முதலிடம். 50 மீட்டர் ஃபைபர் டேப். நாலு வருஷத்தில் செலவழித்ததில் இதைவிடப் பயன்பட்டது வேறு எதுவுமில்லை. எங்கள் பக்கத்து மைதானங்களில் டிராக் கோடு இருந்தால் பாதி அழிந்திருக்கும், இல்லாத இடம்தான் அதிகம். காலடியை எண்ணி 75 மீட்டர் வைத்தேன். ஒரு நாள் டேப் போட்டுப் பார்த்தால் 69 மீட்டர். அத்தனை வாரமும் 6 மீட்டர் குறைவாக ஓடி, டெஸ்ட்டுக்குத் தயார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

டிராக் இல்லாத இடத்துக்கு நான் கண்ட வழி இது. 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலத்தில் ஒரு செவ்வகம் போடுங்கள். நீளப் பக்கம் ஓட்டம், அகலப் பக்கம் நடை. ஒரு சுற்றில் இரண்டு ஓட்டம், இரண்டு நடை. இருபது சுற்றில் நாற்பது முடிந்துவிடும். மூலை சரியாக வர, கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற 3, 4, 5 கணக்கே போதும் (ஒரு பக்கம் 3 மீட்டர், மறு பக்கம் 4 மீட்டர் என்றால் குறுக்கே 5). கடைசியாக எதிர் மூலைகளுக்குக் குறுக்கே அளந்தால் 79 மீட்டர் வர வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒத்துப்போனால் செவ்வகம் சரி. நாலு கோன், டேப்பின் முனையை மண்ணில் பிடிக்க ஆறு அங்குல ஆணி ஒன்று. ஒரு ஆளே பத்து நிமிஷத்தில் போட்டுவிடலாம். டிராக்கின் வளைவு இதில் இல்லை என்பது ஒரு குறைதான். டெஸ்ட்டுக்கு முன் இரண்டு தடவையாவது உண்மையான டிராக்கில் ஓடிப் பாருங்கள்.

அடுத்தது ஒலி. செல்போனில் 15 நொடி, 22 நொடி மாறி மாறி விசில் ஒலிக்கும்படி நானே பதிவு செய்துகொண்டேன். மொத்தம் 24 நிமிஷம் 40 நொடி. போன் ஸ்பீக்கர் காற்றடித்தால் கேட்காது, அதனால் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று. ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வருமே என்று முதலில் கவலைப்பட்டேன். எல்லா விசிலும் ஒரே அளவு தாமதமாகத்தான் வரும், இடைவெளி மாறாது. கவலை வேண்டாம்.

ஸ்டாப் வாட்ச் விஷயத்தில் பட்ட அடியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022இல் முதல் டெஸ்ட். பயிற்சியில் நண்பர் கையால் நேரம் எடுத்தபோது 40 மீட்டர் எனக்கு 6.1 வந்துகொண்டிருந்தது. நிம்மதியாகப் போனேன். அங்கே ஓடுகிறவர் கடக்கும்போது தானாக நேரம் பதிகிற எலக்ட்ரானிக் கேட் வைத்திருந்தார்கள். முதல் ஓட்டம் 6.29, மூன்றாவது 6.31. வெளியே. இன்டர்வெல் பக்கம் போகவே இல்லை. ஓடுகிறவரைப் பார்த்த பின்தான் கை பட்டனை அழுத்துகிறது. முடிகிற இடத்தில் கண் முன்கூட்டியே எதிர்பார்த்து அழுத்திவிடுகிறது. அதனால் கை நேரம் கேட் நேரத்தைவிட ஏறக்குறைய 0.2 நொடி குறைவாகக் காட்டும். 6.2 வேண்டும் என்றால் கை வாட்ச்சில் 5.9 வருகிறவரை ஓயாதீர்கள். இன்னொன்று, கேட்டுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்து கிளம்பலாம். அந்த ஒன்றரை மீட்டரை எப்படித் தள்ளி எழும்புவது என்று தனியாகப் பழகினேன். வியாழக்கிழமை தோறும் 10 மீட்டர் கிளம்பல் எட்டு, பிறகு 40 மீட்டர் ஆறு. எனக்கு நேரம் குறைந்தது முதல் பத்து மீட்டரில்தான். 38 வயதுக்கு மேல் உச்ச வேகம் பெரிதாகக் கூடவில்லை, கிளம்பல் நன்றாகவே திருந்தியது.

ஜிபிஎஸ் வாட்ச்சைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். 75 மீட்டரை அளக்க அதை நம்பாதீர்கள். அதே செவ்வகத்தில் ஒரு தடவை 71 காட்டும், மறு தடவை 80 காட்டும். மணிக்கட்டில் இதயத் துடிப்பு காட்டுவதும் ஸ்பிரின்ட்டில் பின்தங்கியே வரும். ஓடி முடித்து நடக்கும்போதுதான் எண் ஏறும். மார்புப் பட்டை இதைவிடச் சரியாக இருக்கிறது. ஆனால் வாட்ச்சைத் தூக்கிப்போட மாட்டேன். காரணம், காலையில் எழுந்ததும் பார்க்கிற துடிப்பு. எனக்கு வழக்கமாக 58. 66 காட்டினால் அன்று கடும் பயிற்சி இல்லை, நடை மட்டும். இந்த ஒரு பழக்கம் என்னை இரண்டு முறையாவது காய்ச்சலோடு ஓடுவதிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

ஷூவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தொழிலே அதுதான் என்றாலும். எங்கள் மைதானம் கட்டாந்தரை, மேலே சரளை. அடியில் நீண்ட குமிழ்கள், அதாவது ஸ்டட் வைத்த பூட் போட்டால் உள்ளங்காலில் ஒவ்வொரு ஸ்டட்டும் உறைக்கும். சின்னச் சின்ன ரப்பர் குமிழ் நிறைய இருக்கிற டர்ஃப் ஷூ மேட்சுக்கு, சாதாரண ரன்னிங் ஷூ பயிற்சிக்கு. ரன்னிங் ஷூ எனக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் தாங்கவில்லை. சரளை அடிப்பாகத்தைத் தின்றுவிடுகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் வாய்ப்பில் ஸ்பிரின்ட் ஆறும் தேறின. இன்டர்வெல்லில் 33ஆவது ஓட்டத்தில் இரண்டாம் தடவையும் கோட்டை எட்டாமல் நிறுத்தப்பட்டேன். ஓடும் பயிற்சி போதவில்லை என்றுதான் நினைத்தேன். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர், எங்களுக்கெல்லாம் மூத்த ரெஃப்ரி, அன்று வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஓடறதெல்லாம் நல்லாத்தான் ஓடற. நடக்கறப்ப இன்னாத்துக்குப்பா நின்னுடற?"

"நிக்கலையே சார்."

"நின்ன. ஒவ்வொரு வாட்டியும் முட்டியில கை வெச்சு குனிஞ்சிட்டு, அப்புறம் விசிலுக்குப் பயந்து வேக வேகமா ஓடியாந்து கோட்டுல நிக்கற. எப்ப மூச்சு வாங்குவ?"

அவர் சொன்னது அச்சு அசலாக உண்மை. 25 மீட்டரை 22 நொடியில் கடப்பது மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம், காய்கறி வாங்கப் போகிற நடை. நான் முதல் ஏழெட்டு நொடியைக் குனிந்து வீணாக்கிவிட்டு, மிச்சத்தை அவசரமாகக் கடந்துகொண்டிருந்தேன். அதோடு முதல் பத்து ஓட்டத்தையும் 13 நொடியில் முடித்து, சும்மா நிற்க நேரம் சேர்ப்பதாக நினைத்திருந்தேன். அந்த இரண்டு நொடிக்கான விலையை 30க்கு மேல் கட்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடையைத்தான் பழகினேன். 75 முடிந்ததும் சட்டென்று பிரேக் போடாமல் மூன்று நாலு அடியில் வேகத்தை நடைக்குக் கரைப்பது. முதுகு நிமிர்ந்து, கை தொங்கவிட்டு, வாயால் நீளமாக மூச்சை வெளியே விடுவது. உள்ளே இழுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், தானாக வரும். நாலைந்து நொடி மிச்சம் இருக்கும்போது கோட்டை அடைந்து, திரும்பி, ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராக நிற்பது. ஓட்டத்தைப் பதினாலரை நொடியில் நிலைநிறுத்துவது, மூன்றாவதும் முப்பத்து மூன்றாவதும் ஒரே மாதிரி. செவ்வாய்க்கிழமை 16 தடவையில் தொடங்கி 24, 32, 40 என்று எட்டு வாரத்தில் ஏற்றினேன். கடைசி மாதம் நடை நேரத்தை 20 நொடியாகக் குறைத்துக்கொண்டேன். டெஸ்ட்டில் 22 கிடைத்தபோது தாராளமாக இருந்தது. டெஸ்ட்டுக்கு முந்தைய ஐந்து நாள் கடும் பயிற்சி கிடையாது. 2023இல் தேறினேன். அதன்பின் ஒவ்வொரு வருஷமும்.

மேட்சில் இதன் பலன் எனக்கே வியப்பு. பந்து வெளியே போகிற ஒவ்வொரு நொடியும் இப்போது எனக்கு அந்த 25 மீட்டர் நடை. குனிந்து நிற்பதில்லை, மூச்சை விட்டுக்கொண்டே அடுத்த இடத்துக்கு நடந்துவிடுகிறேன். 80ஆவது நிமிஷத்திலும் பெட்டி அருகே 15 மீட்டருக்குள் போய்ச் சேர்கிறேன்.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஐந்தே காலுக்குத் தொடங்கி ஆறே காலுக்குள் மூட்டை கட்டிவிடுவேன். ஆனால் மேட்ச் மாலை நாலு மணிக்கு என்றால், உடம்பு சூட்டுக்குப் பழக பத்துப் பதினாலு நாள் வேண்டும். அந்த இரண்டு வாரம் மட்டும் சாயங்காலம் லேசான ஓட்டம். ஓட்டத்துக்கு முன் கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி உப்புப் போட்டு ஒரு சொம்பு, அரை மணி முன்னால். முடித்ததும் ஓ.ஆர்.எஸ். அந்தப் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ருசிக்காக அரை லிட்டரில் கரைத்துக் குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன், செய்யாதீர்கள். மேல்விஷாரத்துத் தம்பி ஒருவர் எங்களோடு ரெஃப்ரி. ரம்ஜான் மாதத்தில் தராவீஹ் தொழுகை முடிந்து ராத்திரி பத்தரைக்கு மேல் தெருவிளக்கில் ஸ்பிரின்ட் மட்டும் செய்வார், இன்டர்வெல்லை நோன்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்வார். அவரும் அந்த வருஷம் தேறினார்.

ஒரு வருத்தத்தையும் எழுதிவைக்கிறேன். ஒரு தடவை கத்திரி வெயிலில் காலை ஒன்பதரைக்கு டெஸ்ட் தொடங்கினார்கள். நிழல் இல்லை, தண்ணீர் ஒரே ஒரு கேன். இரண்டு பேர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், இருவரும் நன்றாக ஓடக்கூடியவர்கள். நடத்துகிறவர்களிடம் ஆறரைக்கு வையுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். நாங்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டோம், அடுத்த வருஷம் மாறியது.

இப்போது என் செவ்வகத்தில் இன்னொருவரும் ஓடுகிறார், காட்பாடிப் பக்கம் உடற்கல்வி படிக்கிற மாணவி. பெண்களுக்கு இந்த நிலையில் ஓட்டத்துக்கு 17 நொடி, நடைக்கு 24. அவருக்கான ஒலியைத் தனியாகப் பதிவு செய்து கொடுத்தேன், 27 நிமிஷம் 20 நொடி. போன ஞாயிறு 34 வரை போனார். 35இல் இரண்டு அடி பிந்தினார், 36இலும் பிந்தியதும் தானே நின்றுவிட்டு, "நடக்கும்போது குனிஞ்சேனா அண்ணா?" என்றுதான் முதலில் கேட்டார். குனியவில்லை, முதல் எட்டு ஓட்டமும் வேகம் அதிகம். இந்தச் செவ்வாய் 24இலிருந்து மறுபடி தொடங்குகிறோம்.