650 விஏ யூபிஎஸ்: திருகோணமலை வீட்டுக்குக் காணுமா?

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஏறியதில் இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. அடுத்த இரு நாளும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. கரண்ட் போனதும் பற்றரியில் கணினியை ஓட வைக்கும் பெட்டிதான் யூபிஎஸ். வீட்டுக் கணினிக்கென்று பலரும் வாங்கும் 650 விஏ யூபிஎஸ்ஸை அந்த ஒன்றரை மணி நேரத்தை வைத்து அளந்தால் தேறாது.

பெட்டியில் பெரிதாக அடித்திருக்கும் 650 என்பது விஏ, அதாவது வோல்ட்-ஆம்பியர்; வாட் அல்ல. வாட்டில் 360 அளவுதான் வரும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்று, அதாவது 84 வாட்-மணி. அந்த 7 கூட 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு. கணினியும் திரையும் சேர்ந்து 120 வாட் எடுத்தால் பற்றரியிலிருந்து 10 ஆம்பியருக்கு மேல் போகும். அந்த வேகத்தில் பாதியளவுதான் கைக்கு வரும். புதுப் பற்றரியில் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலையைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக மூட அது தாராளம், அதற்காகவே வாங்கலாம். லேசர் பிரின்டரை மட்டும் அதில் செருக வேண்டாம். அதன் ஹீட்டர் ஒரே இழுப்பில் பல நூறு வாட் கேட்கும். யூபிஎஸ் கத்திவிட்டு நின்றுவிடும்.

திருமலையில் இதற்கு உண்மையான எதிரி வெக்கை. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். கச்சான் என்ற சூடான தென்மேல் காற்று வீசும் மாதங்களில் மேசைக்கடியில், சுவரோடு ஒட்டி வைத்த யூபிஎஸ் இரண்டு வருடம் தாண்டினாலே பெரிது. நான்கு பக்கமும் காற்றுப் பட வையுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த யன்னலருகே வைத்தால் உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூக்கும். பற்றரி மாற்றும்போது முனையில் கொஞ்சம் வாஸ்லின் பூசினால் போதும். மாற்றுப் பற்றரி வாங்கும்போது கடையிலேயே மல்டிமீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வேறு எடுங்கள். நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பற்றரியின் தகடுகளில் சல்பேட் படிந்திருக்கும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. சிவப்பு வயர் கூட்டல் முனைக்கு. பூட்டும்போது சின்னப் பொறி பறப்பது வழமை.

இணையத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கணினியை மூடிவிட்டு ரவுட்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் விட்டால், 10 வாட் ரவுட்டருக்காக யூபிஎஸ் தானும் ஏறக்குறைய அவ்வளவு தின்னும். சில மாடல்கள் லோட் போதாதென்று தாமே அணைந்துவிடும். இங்கேதான் லித்தியம் மினி யூபிஎஸ் காசுக்கு ஏற்ற பொருள். 8800 மில்லிஆம்பியர்-மணி என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கு. 12 வோல்ட்டில் அது 2700 அளவுதான், 32 வாட்-மணி. 9 வாட் ரவுட்டருக்கு மூன்று மணி நேரம் கிட்டும், ஒன்றரை மணி நேர வெட்டைத் தாண்டிவிடலாம். ஃபைபர் இணைப்பென்றால் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கரண்ட் இல்லாவிட்டால் ரவுட்டரில் விளக்கு எரிந்தும் பயனில்லை.

வாங்குமுன் ரவுட்டர் அடப்டரின் முதுகைப் படியுங்கள். 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர், நடு ஊசி கூட்டலா என்று அங்கே இருக்கும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் முனையும் பொருந்திவிடும், ரவுட்டர்தான் போகும்.