திசு வளர்ப்பு விருப்பாச்சிக் கன்றுகள்: வாங்கலாம், விளம்பரத்தை நம்பி வேண்டாம்

கீழ்ப்பழனி மலையில் காபிக்கும் மிளகுக்கும் நடுவே வாழை வைத்திருப்பவர்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்தெடுக்கும் திசு வளர்ப்புக் கன்று போட்ட காசுக்குத் தகுமா? தகும். முதல் தார் வெட்டிய பிறகே இதை எழுதுகிறேன். ஆனால் விற்பவர் சொல்லும் காரணம் வேறு, நான் சொல்லும் காரணம் வேறு.

வாங்கியது எங்கள் மலைவாழையான விருப்பாச்சி ரகம், சமவெளியில் உள்ள ஒரு தனியார் நாற்றங்காலில். கன்று ஒன்று 20 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். மலைக்கு ஏற்றிவரும் வண்டி வாடகை தனி. ஒரு அடி உயரத்தில், ஐந்தாறு இலைகளோடு, எல்லாம் ஒரே சீராக இருந்தன. பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் வெள்ளை வெளேரென்று மண்ணைச் சுற்றிப் பிடித்திருந்தது. வண்டியின் ஓரத்தில் வெயில் பட்ட பைகளில் இலை கருகிவிட்டது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றுக் கன்று அனுப்பினார்கள்.

எங்கள் மலையில் வாழை அழிந்த கதை தெரியாமல் இந்தக் கன்றின் மதிப்பு புரியாது. 1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு மணம் தரும் பழம் இது. புவிசார் குறியீடும் பெற்றது. இந்த வாழையைச் சுருட்டியது முடிக்கொத்து என்ற வைரஸ் நோய். அந்த வைரஸ் மண்ணிலும் இல்லை, வெட்டுக்கத்தியிலும் ஒட்டிவராது. வருவதற்கு இரண்டே வழி: ஒன்று, நோயுள்ள தாய்க்கட்டையிலிருந்து எடுத்த கன்று, மற்றொன்று, வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி.

அசுவினியை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள். கன்றின் அடியில், மண்ணை ஒட்டி இருக்கும் பழைய மட்டையை மெல்ல விலக்கினால் எள்ளைவிடச் சிறிய, கரும்பழுப்பு நிறப் பூச்சிகள் கும்பலாக அப்பிக்கிடக்கும். மேலே எறும்பு வரிசை ஓடினால் உள்ளே அசுவினி இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அது கழிக்கும் தேன்போன்ற திரவத்துக்காக எறும்பு காவல் காக்கும். ஆணே இல்லாமல் பெண் பூச்சிகள் குட்டி போட்டுக்கொண்டே போகும். கூட்டம் பெருத்து இடம் போதாமல் போகும்போது சிறகு முளைத்த பூச்சிகள் பிறக்கும். அவைதான் நோயைத் தொலைவுக்குக் கொண்டுபோகின்றன.

இந்த வைரஸ் அசுவினியின் உடலுக்குள் போய், குடலைத் தாண்டி, உமிழ்நீருக்கு வந்து சேர வேண்டும். அதற்குப் பூச்சி நோயுள்ள மரத்தில் சில மணி நேரமாவது சாறு உறிஞ்ச வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஏற்றிக்கொண்டால் கிட்டத்தட்ட ஆயுள் முழுக்கப் பரப்பும். பப்பாளியின் வளையப்புள்ளி வைரஸ் அப்படியில்லை. அசுவினி ஒரு குத்துக் குத்திப் பார்த்த சில நொடிகளிலேயே அதன் வாயில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த செடியில் இறங்கிவிடும். அதனால்தான் பப்பாளியில் மருந்தடித்துப் பயனில்லை. வாழையில் நமக்கு நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்துவதுதான் எல்லாமே.

நாற்றங்காலின் துண்டறிக்கையில் எனக்குக் கோபம் வந்த இடமும் இதுதான். "முடிக்கொத்து நோய் தாக்காத கன்றுகள்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இது தவறு. ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்ற கன்றில் வைரஸ் இல்லை, அவ்வளவுதான். ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நடத்தும் சான்றளிப்பு முறையும் நட்டபின் நோய் வராது என்று பொறுப்பேற்பதில்லை. தோட்டத்தில் நட்டபின் நோய் சுமந்த அசுவினி வந்து உட்கார்ந்தால், திசு வளர்ப்புக் கன்றும், தாய்க்கட்டையிலிருந்து பிரித்தெடுக்கும் கட்டைக் கன்றும் அதற்கு ஒன்றுதான். இந்த வரியை நம்பி, பழைய நோய்மரங்களுக்கு நடுவிலேயே புதுக் கன்றை நட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு போனது ஒருபுறம் இருக்க, "திசு வளர்ப்பே ஏமாற்று" என்ற பேச்சும் பரவிவிட்டது. நல்ல பொருளை விற்பவர்களே அதன் பெயரைக் கெடுத்துக்கொள்வது வருத்தமாக இருக்கிறது.

என் தோட்டத்திலும் சில கன்றுகளில் நோய் வந்தது, எல்லாம் வடக்கு வேலியோரம். இலையின் பின்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது நடுநரம்பை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக விட்டுவிட்டுத் தெரிந்தது. காம்பிலும் அதே கோடுகள். குருத்து கூம்பி, இலை குறுகி, நிமிர்ந்து நிற்கும் நிலை வரும்வரை காத்திருக்கவில்லை. முதலில் குருத்திலும் மட்டையிடுக்கிலும் மருந்து ஊற்றி அசுவினியைக் கொன்றுவிட்டு, பிறகே கிழங்கோடு தோண்டி எடுத்தோம். இந்த வரிசை மாறக்கூடாது. உயிரோடிருக்கும் அசுவினியோடு மரத்தைச் சாய்த்தால், அவை பக்கத்து மரத்துக்கு நடந்தே போய்விடும்.

வேலிக்கு அப்பால் கைவிடப்பட்ட வாழைத்தூர்கள் இருந்தன. அந்தத் தோட்டத்து அண்ணனிடம் போய் இலையைக் காட்டி விளக்கியதும், "வெட்டிக்கொள்ளுங்கள் தம்பி, எனக்கும் அது உபயோகமில்லை" என்றார். அதன் பிறகு அந்தப் பக்கம் புதிதாக நோய் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் 1920களில் இந்த நோய் வாழைத் தொழிலையே படுக்கவைத்தபோது, சி. ஜே. பி. மகீ என்ற ஆய்வாளர்தான் அசுவினி வழியாக இது பரவுகிறது என்று நிறுவினார். அங்கே மீண்டு எழுந்ததும் நோயற்ற கன்றை நட்டு, ஊர் முழுக்கச் சோதனையிட்டு, கண்ட இடத்தில் நோய்மரத்தை அழித்துத்தான்.

கன்றைப் பற்றி வேறு குறைகள்: ஒரு சில குட்டையாகவும் தடித்த இலையோடும் ரகம் மாறி வளர்ந்தன. முதல் மாதங்களில் கட்டைக் கன்றைவிடப் பராமரிப்பு அதிகம் கேட்கிறது. மழை தவறினால் குடத்தில் தூக்கியாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். தாரின் எடையிலும் பழத்தின் மணத்திலும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மலைவாழை வருடக்கணக்கில் ஒரே தூரில் நிற்கும் பயிர் என்பதால், தொடக்கம் சுத்தமாக இருப்பதற்குக் கொடுத்த விலை எனக்கு அதிகமாகப் படவில்லை.

வாங்குபவர்கள் சான்றிதழின் நகலைக் கேட்டு, அதிலுள்ள தொகுதி எண்ணும் பையிலுள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். நாற்றங்காலார் துண்டறிக்கையில் அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும், நேரிலும் சொல்லிவிட்டேன். அடுத்த சித்திரை நடவுக்கும் அவர்களிடமே முன்பணம் கட்டியிருக்கிறேன். வேண்டுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விருப்பாச்சியை முன்பதிவுக்கு மட்டுமே வளர்க்கிறார்கள், பரவலாகப் பயிரிடப்படும் ஜி-9 வாழை ரகம் போல எப்போதும் இருப்பில் கிடைக்காது.