இரண்டு திலக் நகர், ஒரு கிரைண்டர்

மும்பை செம்பூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இருக்கிற ஒரே கிரைண்டர் படுத்தால் அன்றைக்கு வியாபாரமும் படுத்துவிடும். ஸ்பேராக இன்னொன்று வாங்கலாம் என்றால் கடையில் ஏழாயிரத்தை ஒட்டிச் சொன்னார்கள். சரி, பழைய சாமான் விற்கும் ஆப் ஒன்றில் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் பேசியவர், தான் ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகிப் போவதாகவும் சொன்னார். கேட் பாஸுக்கு 500 ரூபாய் அனுப்பினால் கிரைண்டர் வீட்டுக்கே வந்துவிடுமாம். ஊரறிந்த ஏமாற்று வேலை இது. பிளாக் செய்துவிட்டு அடுத்ததைப் பார்த்தேன்.

இரண்டு லிட்டர் டேபிள் டாப், 3,500 ரூபாய், நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், இடம் திலக் நகர். விற்பவர் தமிழர். செம்பூருக்கு அடுத்த ஸ்டேஷன்தானே என்று அன்று சாயங்காலமே மகனைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன்.

"ஸ்டேஷனுக்கு வந்துட்டேன் சார், எந்தப் பக்கம் வரணும்?"

"ஈஸ்ட்ல இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட திலக் நகர்னு சொல்லுங்கம்மா."

"திலக் நகர் ஸ்டேஷன்லதானே சார் நிக்கிறேன்!"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அம்மா, நான் இருக்கறது டோம்பிவிலி."

மும்பைக்கு வெளியே, வேறு ரயில் பாதையில் இருக்கும் டோம்பிவிலி ஈஸ்ட்டிலும் ஒரு திலக் நகர் இருக்கிறது. ஆப் ஏரியா பெயரை மட்டும் காட்டும். கட்டடமும் ஸ்டேஷனும் நாமே கேட்டால்தான் உண்டு. விலை பேச எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது, போய் எடுக்க நான்கு நாள். ஆப்புக்கு இரண்டு ஸ்டார் கொடுத்ததற்கு இதுதான் காரணம். ஸ்டேஷன் பெயரைக் கேட்காமல் கிளம்பிய எனக்கு எத்தனை என்று மகன் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னேன். பராமரிப்பு வேலைக்காக ஞாயிறுகளில் ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் ஆரம்பிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கு. குர்லாவில் மாறி, டோம்பிவிலி போய்ச் சேர்ந்தோம்.

பையில் ஒரு டப்பா ஊறவைத்த உளுந்து கொண்டுபோயிருந்தேன். அவர் சுவிட்சைப் போட்டு, "பாருங்க, சத்தமே இல்ல" என்றார். காலியாக ஓட்டினால் எந்தக் கிரைண்டரும் நன்றாகத்தான் ஓடும். உளுந்தைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, மூடியை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டம்மா காபி கொண்டுவந்தார். பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடியது. மாவு கெட்டியாகிப் பொங்கிவரும் நேரத்தில் டிரம் தயங்கியது. மோட்டார் உறுமுகிறது, டிரம் நின்று நின்று சுற்றுகிறது. பெல்ட் சிலிப்பாகிறது. கல்லைத் தூக்கி விரலால் தடவிப் பார்த்தேன், எங்கும் சில்லு போகவில்லை. நடுத்தண்டிலும் ஆட்டம் இல்லை. பெல்ட் மட்டும்தான் கோளாறு.

அவருக்கு முகம் வாடிவிட்டது. "நாங்க ரெண்டு பேர்தானே, கொஞ்சமாத்தான் போடுவோம், தெரியலம்மா" என்றார். பொய்யாகத் தோன்றவில்லை. ஏற்கெனவே பேசி முடித்த 3,000-இல் 200 குறைத்தார். கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குக் குடிபோகிறார்களாம். இதையும் கொண்டுபோகலாமே என்றதற்கு, "கோயம்புத்தூருக்குக் கிரைண்டரா? திருநெல்வேலிக்கே அல்வா கதைதான்" என்றார். அம்பாசமுத்திரத்துக்காரியிடம் போய்ச் சொல்கிறார்!

சாமானைப் பார்த்த பிறகுதான் க்யூஆர் ஸ்கேன் செய்து பணம் அனுப்பினேன். அவருக்கும் மெசேஜ் வந்த பிறகுதான் ஒயரைச் சுற்றிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் இப்படி இருப்பது எனக்குப் பிடித்தது.

கல்லை பழைய துண்டில் சுற்றி ஒரு பையில் நான் வைத்துக்கொண்டேன், மற்றதை மகன் தோளில் தூக்கினான். குர்லா பாலத்தில் ஏறும்போது அவன் என்னைப் பார்த்த பார்வையை விமர்சனத்தில் எழுத முடியாது. தாராவி தொண்ணூறடி சாலையில் பெல்ட் மாற்ற 250 ரூபாய் ஆனது. இப்போது இரண்டு ஈடு உளுந்து போட்டாலும் டிரம் தயங்குவதில்லை. விற்றவருக்கு நாலு ஸ்டார்.

செவ்வாய்க்கிழமை அவரே போன் செய்தார். "நாளைக்கு ரயில் ஏறறோம்மா. மாவு பொங்குச்சா?"

பொங்கியிருந்தது.