மெத்தோட்ரெக்ஸேட்டா, ஆக்டினோமைசின்-டியா? முத்துப்பிள்ளைக்குப் பின் வரும் புற்றுக்கான மருந்துத் தேர்வு

முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தை (கரு இயல்பாக வளராமல் நச்சுக்கொடித் திசு மட்டுமீறிப் பெருகும் கர்ப்பம்) அகற்றிய பிறகும் இரத்தத்தில் ஹெச்சிஜி (நச்சுக்கொடித் திசு சுரக்கும் ஹார்மோன்) அளவு இறங்காமல் நின்றாலோ மீண்டும் ஏறினாலோ, எஞ்சிய நச்சுக்கொடித் திசு புற்றாக மாறிவிட்டது என்று கொண்டு கீமோதெரபி தொடங்கப்படுகிறது. எந்த மருந்து என்பதை முதலில் தீர்மானிப்பது, நோயின் ஆபத்தை எண்ணால் அளக்கும் ஃபிகோ மதிப்பெண். அது 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐந்து மருந்துகள் சேர்ந்த இஎம்ஏ-சிஓ முறையே வழக்கம். மதிப்பெண் 6-க்குள் இருந்தால், அதாவது குறைந்த ஆபத்துப் பிரிவில், ஒற்றை மருந்தில் தொடங்கலாம். உண்மையான தேர்வு அங்கேதான் இருக்கிறது.

2011-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் ஆக்டினோமைசின்-டி 70 விழுக்காட்டினருக்கும் மெத்தோட்ரெக்ஸேட் 53 விழுக்காட்டினருக்கும் முழுப் பலன் தந்தது. இதை மட்டும் படிப்பவர் முன்னதே சிறந்தது என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் அதில் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை, குறைந்த அளவில் தரப்பட்டது. பல நாள் முறையில் அதைக் கொடுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில் கணக்கு தலைகீழானது: மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு 88 விழுக்காடு, இரு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்திய ஆக்டினோமைசின்-டிக்கு 79 விழுக்காடு. அந்த ஆய்வும் 57 பேருடன் பாதியில் நின்றதால், இதை வெற்றி தோல்வியாகப் பேசுவது பிழை. மருந்தின் பெயரை மட்டும் ஒப்பிடாமல், அதைக் கொடுக்கும் முறையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும் என்பதையே இவ்விரண்டு ஆய்வுகளும் எனக்குச் சொல்கின்றன.

குறைந்த ஆபத்துப் பிரிவில் ஏறக்குறைய அனைவருமே இறுதியில் குணமடைகிறார்கள் என்பதால், பக்கவிளைவுகளுக்கும் அன்றாட வசதிக்கும் தேர்வில் உரிய இடம் உண்டு. எட்டு நாள் மெத்தோட்ரெக்ஸேட் முறையில் ஒருநாள் விட்டு ஒருநாள் தசை ஊசியும், இடைப்பட்ட நாட்களில் அதன் நச்சுத்தன்மையைத் தணிக்கும் ஃபோலினிக் அமிலமும் தேவை. வாய்ப்புண் வரலாம், ஆனால் முடி பெரும்பாலும் கொட்டாது. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலோ நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தாலோ இம்மருந்து உடலில் தங்கி நஞ்சாகும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. ஆக்டினோமைசின்-டிக்கு மருத்துவமனை வருகைகள் குறைவு. ஆனால் குமட்டலும் முடி உதிர்வும் கூடுதல், ஊசி போடும் இரத்தக்குழாயிலிருந்து மருந்து கசிந்தால் திசுவே வெந்துபோகும். எந்தத் தடையும் இல்லாத பெண்ணுக்கு முதலில் பல நாள் மெத்தோட்ரெக்ஸேட்டையே நான் பரிந்துரைப்பேன்.

மதிப்பெண் 5 அல்லது 6 உள்ளவர்களிடம் ஒற்றை மருந்து பல நேரங்களில் போதாமல் போகிறது. ஹெச்சிஜி இறங்காமல் நின்றால் மற்ற மருந்துக்கோ, கூட்டுமுறைக்கோ மாறுவார்கள் என்பதை முதல் ஊசிக்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு விளக்கிவிட வேண்டும். இல்லையெனில் இயல்பான ஒரு மாற்றத்தை அவர் நோய் முற்றியதன் அடையாளமாக எண்ணி அஞ்சுவார்.