ஜியோலைட் ஃபோர்லைன் டிராப்: ஆறு மாசம் ஓட்டுன பிறகு

வீட்டுல கட்டுன ஹை வேக்குவம் சேம்பருக்கு (காத்த கிட்டத்தட்ட முழுசா உறிஞ்சி எடுக்கிற பெட்டி) இந்த டிராப்ப வாங்கி மாட்டி ஆறு மாசம் ஆச்சு. பம்ப்புக்கு போற பைப்புல, அதாவது ஃபோர்லைன்ல, பம்ப் எண்ணெயோட ஆவி சேம்பருக்கு ஏறாம பிடிச்சு வைக்கிற டப்பாதான் இது. வாங்கலாமான்னு கேட்டா தாராளமா வாங்குங்க, ஆனா இத மாட்டிட்டா எண்ணெய் பிரச்சனை முடிஞ்சுதுன்னு மட்டும் இருந்துடாதீங்க.

நான் கண்ணாடில அலுமினியம் கோட்டிங் போடுறவன். பளபளன்னு வரும், டேப் ஒட்டி இழுத்தா மொத்தமா உரிஞ்சு வந்துடும். எத்தன தடவ கழுவுனாலும் அதே கததான். ஒரு நாள் சுத்தமா கழுவுன கண்ணாடிய கோட்டிங் போடாம ராத்திரி முழுக்க வேக்குவத்துல சும்மா வச்சு எடுத்தேன். உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்துனா ஒரே படலமா விரிஞ்சு நின்னுச்சு, வெளிய எடுத்து ஊத்துனா தாமரை இலை மேல நிக்கிற மாதிரி முத்து முத்தா உருளுது. அப்பதான் புரிஞ்சுது, அழுக்கு என் கைல இல்ல, காத்த இழுக்கிற ரோட்டரி பம்ப்போட எண்ணெய்ல இருந்து வருதுன்னு.

பம்ப் நிறைய காத்த இழுக்கிற வரைக்கும் அந்த காத்தே எண்ணெய் ஆவிய திருப்பி தள்ளிடும், சுமாரா 0.1 மில்லிபாருக்கு கீழ போனா தள்ள ஆளில்ல, ஆவி பைப் வழியா நிதானமா மேல ஏறும். சேம்பருக்கும் ரோட்டரி பம்ப்புக்கும் நடுவுல வேகமா சுத்துற டர்போ பம்ப் இருக்கு, அது சுத்துற வரைக்கும் கனமான எண்ணெய் மூலக்கூற மேல விடாது, நின்னுடுச்சுன்னா தடுக்க எதுவுமே இல்ல.

டிராப்புக்குள்ள 13எக்ஸ்னு ஒரு வகை ஜியோலைட் (நுண்ணிய துளை நிறைஞ்ச, ஆவிய உறிஞ்சுற பொருள்) உருண்டை, துளை 10 ஆங்ஸ்ட்ராம் கிட்ட, அதாவது மூலக்கூறு நுழையுற அளவு. பிடிக்க வேண்டியத நல்லா பிடிக்குது, இப்ப டேப் இழுத்தாலும் கோட்டிங் அசையல. குறைன்னா உள்ள இருக்கிற வலையோட கண்ணு ரொம்ப பெருசு, உருண்டை உரசி வர்ற மாவு பைப்புல இறங்குது, நான் கண்ணு சின்னதா இருக்கிற வலை வெட்டி ரெண்டு பக்கமும் வச்சேன், இத விக்கிறவங்களே செஞ்சு குடுத்துருக்கணும். இன்னொண்ணு, ஜியோலைட் காத்துல இருக்கிற ஈரத்தையும் குடிச்சிடும், அதனால சேம்பர தொறக்கும்போது டிராப் பக்கம் வால்வ மூடியே வைங்க. ஈரம் போக 300 டிகிரி வரைக்கும் சூடு பண்ணணும், உருண்டைய வெளிய எடுத்து பண்ணுறதுதான் நல்லது, ஏன்னா இணைப்புல காத்து கசியாம அடைக்கிற வைட்டான் ஓரிங் (ரப்பர் வளையம்) அந்த சூட்ட தாங்காது, சமைக்கிற ஓவன்ல மட்டும் தயவுசெஞ்சு வைக்காதீங்க. எண்ணெய் குடிச்சு பழுப்பான உருண்டைய சூடு பண்ணிட்டு இருக்காம மாத்திடுங்க.

நடுவுல ஒரு தடவ ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிடுச்சு. பம்ப் நின்ன உடனே வேக்குவம் எண்ணெய அப்படியே மேல இழுத்துடுச்சு, டிராப்ப கழட்டுனா உருண்டை எல்லாம் எண்ணெய்ல ஊறி கெடக்கு. ஆவிய பிடிக்கத்தான் டிராப், எண்ணெயே ஏறி வந்தா அது என்ன பண்ணும். கரண்ட் போனா தானா மூடி பம்ப் பக்கம் காத்து விடுற வால்வ அந்த வாரமே மாட்டுனேன். ரெண்டையும் சேத்தே வாங்கிடுங்க, ஒண்ணுதான் முடியும்னா மொதல்ல அந்த வால்வு.