கியர்பாக்ஸ் பூட்டும்போது எதைத் தடவுவது: கிரீஸா, வாஸலினா, ஜெல்லா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரிப்பதைவிடத் திரும்பப் பூட்டுவதுதான் கஷ்டம். த்ரஸ்ட் பேரிங், வாஷர், எண்ணெயை வழிதிருப்பும் வால்வ் பாடியில் உள்ள செக் பால் என்ற சிறு குண்டு எல்லாம் கொஞ்சம் சாய்த்தாலே நழுவிவிடும். பூட்டி முடிக்கும்வரை அவற்றை இடத்தில் நிறுத்த எதையாவது தடவித்தான் ஆக வேண்டும். தடவியது, வண்டி ஓடத் தொடங்கியதும் எண்ணெயில் கரைந்து காணாமல் போக வேண்டும். நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்.

வண்ணார்பேட்டையிலிருந்து வள்ளியூர் வரை எந்தப் பட்டறையிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வீல் பேரிங் கிரீஸ். "நாலு வீலுக்கும் இதைத்தானே போடுதோம் அண்ணாச்சி, இதுக்கு மட்டும் ஆகாதா?" என்று பையன்கள் கேட்பார்கள். ஆகவே ஆகாது. ஓடும் கியர்பாக்ஸில் எண்ணெய்ச் சூடு சாதாரணமாக 80, 90 டிகிரிதான். லித்தியம் கிரீஸ் இளகிச் சொட்டவே 180 டிகிரி பக்கம் வர வேண்டும். அதனால் அது கரையாமல் எண்ணெயோடு சுற்றி வந்து ஃபில்டரிலும், சொலினாய்டு என்ற மின்சார வால்வின் சிறு துளையிலும் அடைக்கும். கியர் தாமதமாக விழும், இல்லையென்றால் இடித்து விழும். புது பிளேட்டும் புது சீலும் போட்ட கியர்பாக்ஸை மறுபடி இறக்க வைப்பது என்ன நியாயம்? வண்டிக்காரர் கடன் வாங்கிக் கொடுத்த காசாகவும் இருக்கலாம்.

வாஸலின், அதாவது மருந்துக்கடையில் வாங்கும் மணம் சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, 40 முதல் 60 டிகிரிக்குள் உருகி ஏ.டி.எஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயோடு கலந்துவிடும். கார் கம்பெனிகளின் சர்வீஸ் கையேடுகளே பல இடங்களில் இதைத்தான் தடவச் சொல்கின்றன. விலையும் குறைவு. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர்த் தகரக் கூரைக்கடியில் அது டப்பாவிலேயே இளகிக் கிடக்கும். செக் பாலைப் பிடிக்காது. அந்த மாதத்தில் வால்வ் பாடி வேலையைக் காலை வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது.

டிரான்ஸ்மிஷனுக்கென்றே வரும் அசெம்பிளி ஜெல் வெயிலிலும் நன்றாக ஒட்டும், எண்ணெயிலும் கரையும். விலை கூடுதல், பெரும்பாலும் ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டியிருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் பறக்கும் மண்ணையும் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். தடவிய பாகத்தை மூடி போட்ட தட்டில் வையுங்கள்.

என் கணக்கில் பெரும்பாலான இடங்களுக்கு வாஸலினே போதும். கவிழ்த்துப் பூட்டும் பேரிங்குக்கும், கோடையில் செக் பாலுக்கும் ஜெல் வாங்கும் செலவு தகும். எதுவானாலும் மெல்லிய பூச்சுதான். அள்ளி அப்பினால் வாஸலின்கூடச் சூடேறும்வரை துளையை அடைக்கும்.

கிளட்ச் பிளேட்டுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். புது பிளேட்டை அந்த வண்டிக்குரிய ஏ.டி.எஃப்பிலேயே அரை மணி நேரமாவது ஊறவிடுங்கள். கையேடு அதிக நேரம் சொன்னால் அதுவே கணக்கு. கை துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிராத துணியாகப் பாருங்கள்.